தாத்துவும் பராங்கையும்: ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பிலிப்பைன்ஸ் சமூகத்தைப் படித்தறிய ஒரு வழிகாட்டி

ஸ்பானியர் வந்து சேர்வதற்கு முன் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று எழுத முற்படுபவர்களில் பலர் தலைவர்களின் பெயர்களில் தொடங்கி, போர்களுக்குள் நுழைந்து, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வழியில் சென்றால் தாத்து எனப்பட்ட தலைவர் ஒரு குறுநில மன்னராகவும், பராங்கை எனப்பட்ட சமூக அலகு அவர் ஆண்ட நாடாகவும் தோன்றும். கிடைத்துள்ள சான்றுகளோ வேறு படத்தைத் தருகின்றன. பராங்கை என்பது முதலில் மனிதர்களின் கூட்டம். நிலம் அதற்கு அடுத்ததுதான். எனவே, 'யார் ஆண்டார்' என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, 'யார் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டிருந்தார்' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் முறை. வகுப்புப் பாடமோ, கட்டுரையோ, வரலாற்றுப் புதினத்துக்கான பின்புலமோ எதை ஆயத்தம் செய்பவராக இருந்தாலும் இந்த முறை உதவும்.

இடத்தையும் காலத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

பிலிப்பைன்ஸ் என்ற பெயரே 1543இல் ஸ்பானியக் கடலோடி வில்லாலோபோஸின் கடற்பயணத்தின்போது, பின்னாளில் இரண்டாம் பிலிப் மன்னரான இளவரசரின் பெயரால் சில தீவுகளுக்கு இடப்பட்டது. அதற்கு முன் அந்தத் தீவுக்கூட்டம் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய அரசும் இல்லை, ஒரே விதமான சமூக அமைப்பும் இல்லை. மணிலா விரிகுடாவையும் லகுனா ஏரியையும் சுற்றி வாழ்ந்த தகலோகு மக்களின் வழக்கம் ஒன்று. செபு, பானாய், போஹோல் போன்ற விசாயத் தீவுகளின் வழக்கம் அதற்கு நெருக்கமானது, ஆயினும் வேறானது. தெற்கே சுலுவிலும் மகின்டனாவோவிலும் இஸ்லாமிய சுல்தான்களின் ஆட்சி உருவாகியிருந்தது. வடக்கு மலைகளின் இபுகாவோ மக்களிடம் தாத்து என்ற பதவியே கிடையாது, நெல்வயல் மிகுந்த செல்வக் குடும்பங்களுக்கே அங்கே மதிப்பு இருந்தது. ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 'தகலோகு, 1580களின் இறுதி' என்றோ 'செபு, 1521' என்றோ எழுதிவையுங்கள். பிறகு சேர்க்கும் ஒவ்வொரு செய்தியும் அந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இணையத்தில் உலவும் கட்டுரைகளில் பாதிக் குழப்பம், விசாயாவின் பச்சை குத்திய வீரனையும் தகலோகு நிலவழக்கத்தையும் ஒரே கிராமத்தில் குடியமர்த்துவதால்தான் வருகிறது.

எழுதியவர் யார், எதற்காக எழுதினார்

இந்தச் சமூகத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி வந்தேறியவர்கள் எழுதியது. ஆகவே ஒவ்வொரு நூலையும் திறக்கும்போது அதை எழுதியவருக்கு என்ன தேவை இருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மெகல்லனுடன் 1521இல் வந்த இத்தாலியரான பிகஃபெட்டா ஒரு பயணி. கண்ணில் பட்ட உடை, உணவு, நகை, சடங்கு ஆகியவற்றை ஆர்வத்தோடு எழுதினார், ஆனால் அங்கே அவர் தங்கியது சில வாரங்களே. பானாய் தீவில் இருந்துகொண்டு 1582இல் எழுதிய மிகேல் தெ லோஆர்க்கா வரி வாங்கும் உரிமை பெற்றிருந்தவர்; எனவே எத்தனை ஊர், எத்தனை தலை, யார் யாருக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்பதில் அவருக்குக் கவனம் அதிகம். அன்டோனியோ தெ மோர்கா மணிலாவில் உயர் நீதிமன்றப் பதவி வகித்தவர். அவருடைய நூல் 1609இல் மெக்சிகோவில் அச்சானது. அந்த நூலுக்குப் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் எழுதிய குறிப்புரை 1890ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதைப் படிக்கும்போது மோர்காவின் சொல் எது, மூன்று நூற்றாண்டுக்குப் பின் காலனி ஆட்சியோடு வாதாடிய ரிசாலின் சொல் எது என்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1590ஐச் சேர்ந்த பாக்ஸர் கையெழுத்துப் படியில் வண்ண ஓவியங்கள் உண்டு. உடைக்கும் அணிகலனுக்கும் அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தகலோகு சமூகத்துக்கு நான் முதலிடம் தருவது பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் தெ பிளாசென்சியா 1589இல் எழுதிய சிறிய அறிக்கைக்கு. அடிமை நிலை, வாரிசுரிமை, திருமணம் ஆகியவை பற்றிய உள்ளூர் வழக்குகளை ஸ்பானிய நீதிபதிகள் எப்படித் தீர்ப்பது என்ற நடைமுறைச் சிக்கலுக்காக எழுதப்பட்டது அது. அதனால்தான் அதில் பாடலும் கதையும் குறைவு. கடமையும் கடனும் நிறைவு. இந்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1903 முதல் 1909 வரை 55 தொகுதிகளாக வெளிவந்த பிளேர்–ராபர்ட்சன் ஆவணத் தொகுப்பில் உள்ளது; இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

கடமைகளின் பட்டியலைக் கட்டி எழுப்புங்கள்

இனி வேலையின் மையப்பகுதிக்கு வருவோம். ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதுங்கள்: தாத்து, மகர்லிகா, அலிப்பிங் நமமஹாய், அலிப்பிங் சா கிகிலித். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அம்புக்குறி வரைந்து, அந்த அம்பின்மேல் உழைப்பு, விளைச்சல், விருந்து, பொன் என எது செல்கிறதோ அதை எழுதுங்கள். பிளாசென்சியாவின் அறிக்கையிலிருந்தே இந்தப் படத்தை நிரப்பிவிட முடியும்.

ஒரு தாத்துவின் கீழ் சில இடங்களில் நூறு வீடுகள் வரை இருந்தன, சில இடங்களில் முப்பதுக்கும் குறைவு என்கிறார் அவர். ஓர் ஊரில் பல பராங்கைகள் அருகருகே இருந்தன. அவற்றுக்குள் நட்பும் உறவும் உண்டே தவிர, ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியதில்லை. மகர்லிகாக்கள் பிறப்பால் சுதந்திரமானவர்கள். வரியோ திறையோ கட்டுவதில்லை, ஆனால் போர் வந்தால் தம் சொந்தச் செலவில் தாத்துவுடன் செல்ல வேண்டும். புறப்படுமுன் தாத்து அவர்களை அழைத்து விருந்து வைப்பார்; திரும்பியபின் கொள்ளைப் பொருளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர் படகில் போகும்போது துடுப்பு வலிப்பதும், அவர் வீடு கட்டும்போது உதவுவதும் இவர்கள் கடமை. வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போடுவது அவர் கடமை. படத்தில் அம்பு இரு பக்கமும் ஓடுவதைக் கவனியுங்கள். விருந்து வைக்க இயலாத தாத்துவின் பின்னால் எத்தனை பேர் போருக்குச் சென்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அரண்மனையும் அரியணையும் இல்லாமலேயே அந்தத் தலைமை எதன்மேல் நின்றது என்பது விளங்கும்.

அலிப்பிங் நமமஹாய் என்பவர் தனி வீட்டில் வாழ்ந்தார். தன் பொருளுக்கும் பொன்னுக்கும் அவரே உரியவர். பிள்ளைகள் அதற்கு வாரிசு. தன் எசமானருக்கு, அவர் தாத்துவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் பேசிக்கொண்டபடி வயலில் பாதி சேர வேண்டும். கடல் கடந்து எசமானர் போகும்போது துடுப்பு வலிக்க வேண்டும். ஆனால் நமமஹாயை விற்க முடியாது. சா கிகிலித் எனப்பட்டவர் எசமானரின் வீட்டிலும் வயலிலும் உழைத்தார், அவரை விற்கலாம். ஆயினும் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவரை விற்பது மிக அரிது என்றும், விற்பனைக்கு உள்ளானவர்கள் போரில் பிடிபட்டவர்கள் போன்றோர் என்றும் அறிக்கை சொல்கிறது. இந்த இருவரையும் ஸ்பானியர் அடிமை என்ற ஒரே சொல்லால் குறித்ததால் நீதிமன்றங்களில் நேர்ந்த அநீதியைப் பிளாசென்சியாவே சுட்டிக்காட்டுகிறார். நமமஹாயாக இருந்தவர்கள் விற்கத்தக்கவர்களாகக் கருதப்படும் அபாயம் அதனால் வந்தது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு குறிப்பு. ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தப் பிரிவுகளைச் சாதி என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறது. நம் மனம் உடனே நம் ஊர்ச் சாதியை அங்கே கொண்டுபோய் வைக்கும். அதைச் செய்யாதீர்கள். பிறப்பு அங்கேயும் பெரும்பங்கு வகித்தது என்றாலும், கடன் ஒருவரைக் கீழே தள்ளியது, பொன் மேலே தூக்கியது. சா கிகிலித் ஒருவர் பொன் சேர்த்தால் தன்னை மீட்டுக்கொள்ளலாம். விலை ஐந்து டேல் எடைப் பொன்னுக்குக் குறையாது. பத்து அல்லது அதற்கு மேல் கொடுத்தால் முழு விடுதலை. அப்போது நடந்த பாகப்பிரிவினையை அறிக்கை வேடிக்கையாகச் சொல்கிறது: விடுதலை பெறுபவருக்குத் தனி வீடு இருந்தால் சட்டி பானைகளைக்கூடச் சரிபாதியாகப் பிரிப்பார்கள், ஒற்றைப்படையாக ஒரு பானை மிஞ்சினால் அதை உடைத்துவிடுவார்கள், துணி மிஞ்சினால் நடுவே கிழிப்பார்கள்.

குழந்தைகளின் நிலை இன்னும் நுணுக்கமானது. தந்தை சுதந்திரர், தாய் அடிமை, அல்லது அதற்கு மறுதலை என்றால், முதல், மூன்றாம், ஐந்தாம் பிள்ளைகள் தந்தையின் நிலையைப் பெறுவார்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் பிள்ளைகள் தாயின் நிலையைப் பெறுவார்கள். ஒரே பிள்ளை என்றால் பாதி சுதந்திரர், பாதி அடிமை. இந்த விதி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் படத்தில் அதை வரைந்து பார்த்தால், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தரப்புக்கு வரவிருக்கும் உழைப்பாகக் கணக்கிடப்பட்டது தெரியும். தீவுகளில் நிலம் போதிய அளவு இருந்தது. குறைவாக இருந்தவை கைகள்.

இதே கணக்கை இடமாற்ற விதியிலும் காணலாம். மணமான மகர்லிகா ஒருவர் தம் பராங்கையை விட்டு வேறொன்றுக்குப் போக வேண்டுமானால், ஊருக்கு ஊர் மாறுபட்டு ஒன்று முதல் மூன்று டேல் வரை பொன்னும், பராங்கை முழுவதற்கும் ஒரு விருந்தும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் இரண்டு பராங்கைகளுக்கும் இடையே போரே மூளலாம். புதினம் எழுதுபவருக்கு இந்த ஒரு விதியே ஒரு கதைக்குப் போதும்.

நிலத்தைப் பற்றி எழுதும்போது நீர்பாயும் வயலையும் மேட்டுநிலத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். பாசன நிலம் பராங்கைக்குள் பங்கிடப்பட்டு, அவரவர் பங்கு அவரவருக்குத் தெரிந்திருந்தது. மலைச்சரிவு நிலம் பொது. சில தலைவர்களுக்கு ஆற்றின் குறிப்பிட்ட பகுதிகளில் மீன்பிடி உரிமையும் சந்தை உரிமையும் உண்டு. பிற பராங்கையினர் அங்கே மீன்பிடிக்கவோ வணிகம் செய்யவோ கட்டணம் செலுத்த வேண்டும்.

திருமணத்தில் பொருள் மணமகன் பக்கத்திலிருந்து மணமகள் பக்கத்துக்குச் சென்றது. பிள்ளை பிறக்கும் முன் மனைவி வேறொருவரை மணக்க விலகினால், அந்தப் பொருள் முழுவதோடு அதற்கு ஈடான தொகையும் கணவனுக்குச் சேரும். கணவன் விலகினால் அவனுக்குப் பாதிதான் திரும்பும். பிள்ளைகள் இருந்தால் எல்லாம் பிள்ளைகளுக்கு.

தாத்து நீதி வழங்குவதைக் கண்முன் கொண்டுவருவது

வழக்குகளைத் தாத்து தனியறையில் தீர்த்ததில்லை. தம் பராங்கையினர் முன்னிலையில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பில் குறை கண்டவர் இருந்தால், வேறு ஊரிலிருந்து நேர்மையாளர் என்று பெயர் பெற்ற ஒருவரை எல்லாரும் சேர்ந்து நடுவராக அழைப்பார்கள். அவர் தாத்துவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு தாத்துகளுக்குள்ளேயே தகராறு என்றால், போரைத் தவிர்க்க விரும்பினால், அங்கேயும் நடுவர்கள்தாம். அந்தக் கூட்டத்தில் குடிப்பதும் கட்டாயம். செலவு வழக்குத் தொடுத்தவருடையது. மாந்திரீகம் போன்ற சிலவற்றுக்கு மரண தண்டனை இருந்தது என்றாலும் பெரும்பாலான குற்றங்களுக்குப் பொன்னில் அபராதம்தான். அபராதம் கட்ட இயலாதவர், கட்டி முடிக்கும் வரை, பாதிக்கப்பட்டவருக்கு உழைக்கப் போவார். அவருடைய பிள்ளைகளும் அந்தக் கட்டில் அகப்படுவார்கள். அலிப்பின் எனப்பட்ட அடிமை நிலைக்கு ஆட்கள் வந்து சேர்ந்த வாயில்களில் இதுவும் ஒன்று. நீதியையும் அடிமைத்தனத்தையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதுபவர்கள் இந்த இணைப்பைத் தவறவிடுகிறார்கள்.

அதிகாரம் எங்கே முடிகிறது என்று சோதியுங்கள்

'ராஜா' என்ற பட்டத்தைப் பார்த்ததும் பேரரசைக் கற்பனை செய்யும் ஆசைக்கு மருந்தாக, 1521 ஏப்ரல் மாதச் செபுவைப் பிகஃபெட்டாவின் வழியே படிக்கலாம். ராஜா ஹுமாபோன் குட்டையாக, பருத்த உடலுடன், இடையில் ஒரு பருத்தித் துணியும் தலையில் பூவேலைத் துணியும் கழுத்தில் விலைமிக்க மாலையும் அணிந்து, ஓலைப்பாயில் அமர்ந்து, பீங்கான் தட்டில் ஆமை முட்டை தின்றுகொண்டிருக்கிறார்; பக்கத்தில் கள் நிறைந்த ஜாடிகள், உறிஞ்ச நாணல் குழல்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிடம் அவர் திறை கேட்கிறார். சில நாள் முன்புதான் சயாமிலிருந்து வந்த மரக்கலம் ஒன்று செலுத்தியிருந்தது. செல்வமும் துறையும் அவருடையவை. ஆனால் எல்லாரையும் அவருக்குக் கீழ்ப்படிய வைக்க மெகல்லன் முயன்றபோது, தாங்களும் ஹுமாபோனுக்கு நிகரானவர்களே என்று சில தலைவர்கள் மறுத்தார்கள். எதிரே இருந்த மாக்தான் என்ற சிறு தீவில்கூட ஒரே தலைவர் இல்லை: ஸூலா என்பவர் தம் மகனிடம் இரண்டு ஆடுகளைக் கொடுத்தனுப்பி, அதே தீவின் மற்றொரு தலைவரான லாபுலாபுவுக்கு எதிராக மெகல்லனிடம் உதவி கேட்டார். அந்தப் போட்டிக்குள் கால்வைத்த மெகல்லன் ஏப்ரல் 27இல் கொல்லப்பட்டார். லாபுலாபுவின் வெற்றியைத் தேசிய வீரக்கதையாக மட்டும் படித்தால் ஸூலாவின் ஆடுகள் கண்ணில் படாது. படிப்பவருக்கு அந்த ஆடுகள்தாம் அதிகம் சொல்லும். மணிலா விரிகுடாவிலும் 1570இல் இதே நிலை: பாசிக் ஆற்றுக்குத் தெற்கே மத்தாந்தாவும் சுலைமானும், வடக்கே தொண்டோவில் லகண்டுலா.

தாத்துவின் கை எட்டாத இன்னொரு துறை சடங்கு. நோய், அறுவடை, இறப்பு ஆகியவற்றில் ஆவிகளோடு பேசும் உரிமை விசாயாவில் பபைலான், தகலோகில் கட்டலோனான் எனப்பட்டவர்களிடம் இருந்தது. பெரும்பாலும் பெண்கள், சில இடங்களில் பெண்ணுடை அணிந்த ஆண்கள். கிறித்தவத் துறவிகள் இவர்களைப் போட்டியாளர்களாகக் கண்டதால், இவர்களைப் பற்றிய பக்கங்களை இரட்டிப்பு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.

மண்ணிலிருந்து கிடைத்தவற்றோடு ஒப்பிடுங்கள்

லகுனாவில் 1989இல் கிடைத்த செப்பேடு சக ஆண்டு 822ஐ, அதாவது கி.பி. 900ஐச் சேர்ந்தது. காவி எனப்படும் பழைய ஜாவா எழுத்தில், சமஸ்கிருதச் சொற்கள் கலந்த பழைய மலாயில், நம்வரன் என்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் இருந்த பொன் கடன் தீர்ந்தது என்றும், பின்னால் யாரேனும் கேட்டால் இதுவே சாட்சி என்றும் அது அறிவிக்கிறது. தலைவர்களின் முன்னிலை, பொன், கடனிலிருந்து குடும்பத்தின் விடுதலை என்று, பிளாசென்சியாவுக்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே அதே சொற்கோவையைக் காண்கிறோம். இடையிலிருந்த காலம் முழுவதும் வழக்கம் மாறாமல் நின்றது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் நம் கேள்வி சரியான கேள்விதான் என்ற உறுதியை இது தருகிறது.

பதாங்காஸ் மாகாணத்தின் கலதாகனில் 1958இல் தோண்டப்பட்ட 500க்கும் மேற்பட்ட கல்லறைகளில் சீனப் பீங்கான்கள் கிடைத்தன. தலைவர்கள் வெளிநாட்டுப் பொருளைச் சேர்த்ததும் பரிசாகப் பங்கிட்டதும் எப்படி என்று ஆராய நீக்ரோஸ் தீவின் தஞ்சாய் அகழாய்வு உதவும். மின்டனாவோ தீவின் பூதுவானில் கிடைத்த பெரிய படகுகளுக்குப் பழைய நூல்கள் கி.பி. 320 என்ற ஆண்டைத் தரும். அவை சில நூற்றாண்டுகள் பிந்தியவை என்று அண்மைக் காலக் கணிப்புகள் காட்டுவதால் புதிய ஆய்வைப் பார்த்தே ஆண்டைக் குறியுங்கள்.

போலிகளைக் கழித்துக்கட்டுங்கள்

இந்தத் துறையில் நுழைபவர் எவரும் கலந்தியாவ் சட்டத்தைச் சந்திக்காமல் இருக்க முடியாது. 1433இல் பானாயில் ஒரு தாத்து இயற்றியதாகச் சொல்லப்படும் இந்தப் பதினெட்டு விதிகளில் கொதிநீரில் அமிழ்த்துவதும் எறும்புக்கு இரையாக்குவதும் தண்டனைகள். 1914இல் ஹோசே மார்கோ என்பவர் அரசு நூலகத்துக்குக் கொடுத்த கையெழுத்துப் படிகளிலிருந்து வந்தது இது. அவற்றைப் பெற்று, ஆங்கிலத்தில் வெளியிட்டவர் மேலே சொன்ன ஆவணத் தொகுப்பின் அதே ராபர்ட்சன்தான் என்பது வருத்தமான முரண். வரலாற்றாய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1960களில் மூலங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, இது போலி என்று நிறுவினார். அதற்குள் அது பாடநூல்களில் ஏறிவிட்டிருந்தது. இன்றும் இணையத்தில் உயிரோடு உலவுகிறது. போர்னியோவிலிருந்து பத்து தாத்துகள் வந்து பானாயை விலைக்கு வாங்கிய கதையைச் சொல்லும் 'மரக்தாஸ்' 1907இல் அச்சான நூல். மரபுக்கதையாகச் சொல்லலாம், பழைய ஆவணமாகக் காட்டலாகாது.

தமிழர்கள் இடறி விழ ஏதுவான இடம் செபுவின் ஸ்ரீ லுமாய். அவர் சோழ இளவரசர், ஹுமாபோனின் முன்னோர் என்ற செய்தி நம்மிடையே பெருமையோடு பகிரப்படுகிறது. அது 20ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த உள்ளூர்க் கதை மரபைச் சேர்ந்தது. ஹுமாபோனை நேரில் கண்ட பிகஃபெட்டாவின் குறிப்பில் அத்தகைய மூதாதையர் எவரும் இல்லை. ராஜா என்ற பட்டமும் செப்பேட்டின் சமஸ்கிருதமும் இந்தியத் தொடர்பைக் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் மலாய், ஜாவா உலகத்தின் வழியே வந்தது.

எங்கே நிறுத்துவது

ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி 1565இல் செபுவில் தளம் அமைத்து, 1571இல் மணிலாவைத் தலைநகராக்கிய பின் தாத்துகள் மறையவில்லை. பராங்கைத் தலைவர் என்ற பதவியில் ஸ்பானிய அரசுக்கு வரி வசூலித்துக் கொடுப்பவர்களானார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்கு வரிவிலக்கும் கட்டாய வேலையிலிருந்து விலக்கும் கிடைத்தன. நம் படத்தில் ஒரு பெரிய அம்பு அறுந்துவிட்டது: ஆட்களைத் தக்கவைக்க விருந்தும் போர்ப் பங்கும் இனித் தேவைப்படவில்லை, ஏனெனில் ஆட்கள் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டார்கள். எனவே 1600க்குப் பிந்தைய பராங்கைத் தலைவரின் நடத்தையை முந்தைய காலத்தின்மேல் ஏற்றி, ஹுமாபோன் காலத்துத் தாத்துவை அதைக்கொண்டு விளக்காதீர்கள். இன்று நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 42,000 பராங்கைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 'பாரியோ' என்றிருந்த கடைநிலை நிர்வாகப் பிரிவுக்கு 1974இல் மார்கோஸ் ஆட்சியின் ஆணையால் அந்தப் பழைய பெயர் இடப்பட்டது. அவற்றின் எல்லையும் தேர்தலும் நிதியும் நவீன உள்ளாட்சிச் சட்டத்தைச் சேர்ந்தவை. உங்கள் குறிப்பேட்டில் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.